எந்தப் பாகத்திலும் சேராத ஒரு வருஷம்

மாம்பலம்
14-6-1936

அன்புள்ள குமுதாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீயாக எழுதப்போவதில்லை. மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் சமுத்திரமா இருக்கிறது? தெப்பத்தன்று குளக்கரையில் கூட்டத்தில் பார்த்தது. "அடுத்த வாரம் வருகிறேன்" என்றாய். நம் இருபத்துநாலு வருஷச் சிநேகத்தில் உன் அடுத்த வாரம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூல் ஆக்கப் போகிறார்கள். தலைமை உபாத்தியாயினியாக என்னையே வைத்துக்கொள்ள கமிட்டிக்குச் சம்மதம். ஆனால் மேலே இருந்து பூர்த்தி செய்து அனுப்ப ஒரு பாரம் வந்திருக்கிறது. இண்டர்மீடியட்டிலும் பி.ஏ.யிலும் எந்த வருஷம் எந்தப் பாடம் படித்தேன், எது எந்தப் பாகத்தில் சேர்ந்தது என்று நாம் படித்த கலாசாலை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். ஆகஸ்டு முதல் தேதிக்குள் போகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். பழைய ரிஜிஸ்தர்கள் எல்லாம் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன?

இண்டர்மீடியட் முதல் வருஷம் நான் அங்கே படிக்கவில்லை, தெற்கே படித்துவிட்டு வந்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பற்றி உங்கள் கலாசாலை ஒன்றும் எழுத வேண்டியதில்லை. விட்டுவிடு. மற்றதை எழுதினால் போதும்.

உன் அன்பு மறவாத
லோகநாயகி


மயிலாப்பூர்
20-6-1936

அன்புள்ள லோகாவுக்கு,

ஜூன் மாதத்தில் என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. சரித்திரம் போதிக்கிறவள் என்பதையே மறந்துபோய், காலை முதல் மாலை வரை பாடங்களைப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷ் முதல் பாகம். இரண்டாம் பாஷை இரண்டாம் பாகம். விருப்பப் பாடங்கள் மூன்றாம் பாகம். எடுத்த பாடத்தை இரண்டு வருஷமும் படிக்க வேண்டும். ஒன்றை ஒரு பாகத்தில்தான் சேர்க்கலாம். இதை நேற்று மட்டும் நாற்பது தடவை சொன்னேன். நஸ்ருன்னிசா என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், உருதுவை இரண்டாம் பாகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றதும், "அண்ணனோட தினம் சண்டை போடற பாஷைக்கு மார்க்கு கூடத் தருவாங்களா, மிஸ்?" என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவில்லை.

உன் விஷயம். பாரத்தில் முதல் வருஷத்துக்கும் கட்டம் இருக்கிறது. விட முடியாது. ஆகவே 1912-ம் வருஷத்துப் பெரிய ரிஜிஸ்தரை எடுக்கச் சொன்னேன். பியூன் கபாலி கறையான் மண்ணைத் தட்டிக்கொண்டே, "இன்னாம்மா, செத்த பொஸ்தகத்தையெல்லாம் எழுப்பிக்கினு கீறீங்க?" என்றான். உன் பக்கத்தைப் பார்த்தபோது அவன் சொன்னது அவ்வளவு தப்பாகத் தோன்றவில்லை.

நீ தெற்கேயிருந்து கொண்டுவந்த சர்டிபிகேட்டின்படி முதல் வருஷம் உன் இரண்டாம் பாஷை ஸம்ஸ்கிருதம். வகுப்பிலேயே முதல் மார்க்கு. இங்கே வந்து இரண்டு வாரத்தில் தமிழுக்கு மாறியிருக்கிறாய். கண் பலவீனம், நாகரி எழுத்துப் படிக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னார் என்று ஒரு விண்ணப்பம் ஒட்டியிருக்கிறது. அதன் பேரில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் என் கையெழுத்தில் இருக்கிறது! உனக்காக நான் எழுதினேன். மறந்தே போயிருந்தேன்.

ஸ்தாபனத்துக்கு இப்போது டாக்டர் பெயர் வேண்டும். எழுது. இன்னொன்றும் எழுது. நாற்பத்திரண்டு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாயே, அந்தக் கண் எப்போது சரியாயிற்று?

அந்த ஒரு வருஷ ஸம்ஸ்கிருதம் அந்தரத்தில் நிற்கிறது. எந்தப் பாகத்திலும் சேரவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "சேராதது" என்று குறித்திருக்கிறேன்.

குமுதவல்லி


மாம்பலம்
25-6-1936

அன்புள்ள குமுதா,

டாக்டர் பெயர் ஞாபகம் இல்லை. அவர் இறந்துபோயிருப்பார். சிவப்பு மை எதற்கு? அப்படி எழுதாமல் இருந்திருக்கலாம்.

உன்னிடம் சொன்னால் சிரிப்பாய். ஆனாலும் சொல்ல வேறு ஆள் இல்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒன்று நடக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் கீழே போனபின், மாடியில் பூட்டிக் கிடக்கும் அறைக்குள் யாரோ பாடம் ஒப்பிக்கிறார்கள். பெண்குரல். மூச்சு வாங்காமல் ஒரு சுலோகம், கொஞ்சம் மௌனம், பிறகு அடுத்தது. முதல் நாள் தெருவில் என்று நினைத்தேன். எலெக்ட்ரிக் ரயில் போகும்போது அந்தச் சத்தத்தில் நின்று, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ஆயா ஜைதூன் பீயை அழைத்துக்கொண்டு மேலே போனேன். "உள்ளே யாரும் இல்லீங்கம்மா. பூட்டுல துருவே உதிரல பாருங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல, உங்களுக்குத்தான் மொகம் வெளுத்துக் கெடக்குது" என்றாள். அவள் பேசிக்கொண்டிருந்தபோதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எனக்குத்தான் அந்தப் பாஷையில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே. காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பண்டிதரிடம் காட்டு. இது வெறும் சத்தம், அர்த்தமே இல்லை என்று அவர் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

லோகநாயகி


மயிலாப்பூர்
1-7-1936

லோகாவுக்கு,

வெறும் சத்தம் இல்லை. இண்டர்மீடியட் மாணவர்களுக்கு அந்த நாளில் வைத்திருந்த காவியத்தின் முதல் ஸர்க்கமாம். பன்னிரண்டு சுலோகங்களில் இரண்டே இடத்தில்தான் பிழை என்று பண்டிதர் சொன்னார். "யார் ஒப்பித்தது? நல்ல பெண்" என்றார்.

பேய் பிசாசு என்று எழுதாததற்கு உனக்கு நன்றி. எழுதியிருந்தால் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். பூட்டிய அறைக்குள் யாரும் இல்லை என்பது நிச்சயம். அப்படியானால் அது உன் ஞாபகத்திலிருந்துதான் வருகிறது. எப்போதோ கேட்டது, மனசின் அடியில் கிடந்தது, ரிஜிஸ்தரைக் கிளறியதும் மேலே வந்துவிட்டது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. "ஒரு எழுத்துக்கூடத் தெரியாது" என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு வருஷம் படித்து முதல் மார்க்கு வாங்கியவள் எழுதுகிற வாக்கியமா இது? பாஷையை மறக்கலாம். எழுத்துக்கூடவா மறந்துபோகும்? உனக்குத் தெரியாத ஸம்ஸ்கிருதத்தை யார் படித்து, நீ யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய்?

பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

குமுதவல்லி


மாம்பலம்
6-7-1936

குமுதா,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

என் பெயர் லோகநாயகி இல்லை. லோகநாயகி என் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என் பெயர் தர்மாம்பாள்.

அக்கா வீட்டிலிருந்தே கலாசாலைக்குப் போய் வந்தாள். அவள் சாயங்காலம் கொண்டுவரும் புத்தகங்களை நானும் கூடவே படித்தேன். இங்கிலீஷ், தர்க்கம், சரித்திரம் எல்லாம் அவளுக்குச் சமமாக எனக்கும் தெரியும். பரீட்சைதான் எழுதியதில்லை, ஒரு பெண் படித்தால் போதுமென்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஸம்ஸ்கிருதம் மட்டும் அவளுக்கே உரியது. மொட்டைமாடியில் நடந்துகொண்டே சத்தமாக ஒப்பிப்பாள். நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

முதல் வருஷம் முடிந்து, மதராசில் இடம் கிடைத்து, விடுதிக்குக் கடிதம் எழுதிப் பெட்டியும் வாங்கி வைத்தபின் வைகாசியில் அவளுக்கு வாந்திபேதி. ஒன்றரை நாள்தான். எனக்கு அப்போது மனைவியை இழந்த ஒருவரை மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நாள் கழித்து அப்பா அந்தச் சர்டிபிகேட்டை என் கையில் கொடுத்தார். "போனவளுக்கு இது எதற்கு? நீ எடுத்துக்கொண்டு போ. அங்கே அவளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை" என்றார். பெட்டிகூட அவளுடையதுதான்.

அம்மா மட்டும் கடைசிவரை என்னை லோகு என்று கூப்பிடவில்லை. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பொங்கல் கழிந்து அம்மாவுக்கு ஜன்னி கண்டது. இரண்டு வாரம் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தாள். படிப்புக் கெடுமென்று எனக்கு எழுதவில்லை. அந்த இரண்டு வாரமும், "லோகு வந்திருக்கிறாள், தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுகிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பின்னால் அப்பா சொன்னார்.

அவள் படித்த இங்கிலீஷை எடுத்துக்கொண்டேன். தர்க்கத்தை, சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். பெயரை எடுத்துக்கொண்டேன். நீ சிவப்பு மையில் "சேராதது" என்று எழுதினாயே, அது ஒன்றைத்தான் என்னால் எடுக்க முடியவில்லை. அதைத்தான் அவள் வந்து ஒப்பித்துக் காட்டுகிறாள் என்று நினைக்கிறேன்.

இனி உன் இஷ்டம்.

கீழே என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை.


மயிலாப்பூர்
15-7-1936

எப்படி அழைத்துத் தொடங்குவது என்று எனக்கும் தெரியவில்லை. ஆகையால் அழைக்காமலே எழுதுகிறேன்.

இருபத்துநாலு வருஷம். ஒரே விடுதி, ஒரே பெஞ்சு. என் தகப்பனார் காலமான அன்று இரவு முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அதைவிட, என் கையாலேயே அந்தப் பொய்யை எழுத வைத்தாய். "உன் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, நீயே எழுதிக் கொடு" என்று கெஞ்சினது இப்போது ஞாபகம் வருகிறது. விலக்குக் கேட்டு எத்தனையோ பெண்கள் என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டு விசாரிக்கிறேன். விசாரிக்காமல் விட்டது ஒரே ஒருத்தியை.

விதி எளிது. ஒருவர் படித்தது இன்னொருவருக்குச் சேராது. முதல் வருஷம் உன்னுடையது அல்ல. மற்ற மூன்று வருஷமும் உன் அக்காவுடையது அல்ல. அரையும் குறையுமாக இரண்டு பேர். பட்டம் ஒன்று. இதைப் பிரிக்க எந்தப் பாகமும் இல்லை.

ரிஜிஸ்தரில் இருப்பதை இருந்தபடியே நகல் எடுத்துக் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேலே அனுப்பவில்லை, உனக்கே அனுப்புகிறேன். அதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் பொறுப்பு. நான் எழுதிய விண்ணப்பத்தைப் பற்றிப் பிரின்ஸிபாலிடம் நானே சொல்லிவிட்டேன்.

குரலைப் பற்றி: கொடியில் துணி உலர்த்தியபோது கேட்டது. நான் முன்னே சொன்னதேதான். முதல் வருஷத்தில் உன் அக்கா படித்தது முதல் ஸர்க்கம் மட்டும். அது முடிந்ததும் குரலும் நின்றுவிடும். நீ கேட்காததை உன் ஞாபகம் ஒப்பிக்க முடியாது.

சில காலம் இங்கே வர வேண்டாம்.

குமுதவல்லி


அடையாறு
23-8-1936

அன்புள்ள குமுதாவுக்கு,

வர வேண்டாம் என்றாய், வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லையே.

உன் நகலைக் கமிட்டியிடம் கொடுத்தேன். கூடவே எல்லாவற்றையும் சொன்னேன். காரியதரிசி நகலை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். கடைசியில், "அது சரி அம்மா, உங்கள் ராஜினாமாவை ஒப்புக்கொண்டு எழுதுகிறோம். எந்தப் பெயருக்கு எழுதுவது?" என்றார். பரிகாசமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. பட்டத்தை உறையில் போட்டு, விவரம் எழுதி, சர்வகலாசாலைக்கே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

இப்போது அடையாற்றில் இருக்கிறேன். ஊரூர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குப் பட்டம் யாரும் கேட்பதில்லை. முதல் நாளே லூர்துமேரி என்ற மீன்காரி தன் பெண்ணைக் கொண்டுவந்து விட்டு, "உன் பேர் இன்னாம்மா?" என்று கேட்டாள். தர்மாம்பாள் என்றேன். "சொல்றதுக்கு இம்மா நேரமா?" என்றாள். இருபத்துநாலு வருஷம் ஆயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொன்னால் குரல் போய்விடும் என்று நம்பினேன். நீயும் முதல் ஸர்க்கத்தோடு நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். குமுதா, நிற்கவில்லை. முதல் ஸர்க்கம் ஆடி அமாவாசையன்று முடிந்தது. மறுநாள் மத்தியானம் கடல் இரைச்சலுக்குள்ளிருந்து வேறு ஒன்று ஆரம்பித்தது. ராகம் அதே ராகம். சொற்கள் நான் ஒருநாளும் கேட்டவை அல்ல. அக்காவின் பாடப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டாம் ஸர்க்கத்துத் தாள்கள் ஓரம்கூட வெட்டப்படவில்லை, ஒட்டியபடியே இருக்கின்றன. அவள் அதைத் திறந்ததே இல்லை. நானும் திறக்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பயமாக இல்லை. சங்கடமாக இருக்கிறது. அவள் எதற்கோ தயார் செய்துகொண்டிருக்கிறாள் போலவும், அந்தப் பரீட்சையை யாரும் அவளுக்கு வைக்கப்போவதில்லை போலவும் இருக்கிறது. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஸம்ஸ்கிருதத்தை எங்காவது சேர்த்துவிடு. விதியில் ஏதாவது இடம் இருந்தால் உனக்குத்தான் தெரியும்.

பதில் எழுதினால் என் பெயருக்கு எழுது. எழுதாவிட்டாலும் உன்மேல் வருத்தம் இல்லை.

தர்மாம்பாள்


மயிலாப்பூர்
11-10-1936

அன்புள்ள தர்மாம்பாளுக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. கோபத்தினால் அல்ல. கோபம் ஆவணியோடு போய்விட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எனக்கு இது பழக்கமில்லை.

நீ அனுப்பியது இரண்டாம் ஸர்க்கம்தான், அந்த நாளில் இரண்டாம் வருஷத்துப் பாடம். பண்டிதர் பார்த்தார். இந்தத் தடவை பிழையே இல்லை என்றார்.

பக்கத்தில் யாராவது ஸம்ஸ்கிருத டியூஷன் நடத்துகிறார்களா என்று உன்னைக் கேட்க நினைத்தேன். பாதி எழுதியும் விட்டேன். அதற்குள் கபாலி வந்து, "1912 பொஸ்தகம் இன்னும் ஒரு மூட்டை கீதும்மா, கொளுத்திடவா?" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மூட்டையில் இரண்டாம் வருஷ ஸம்ஸ்கிருத வகுப்பின் ஆஜர் புத்தகம் இருந்தது. ஒன்பதாம் எண் லோகநாயகி. நீ சேர்ந்த அன்று சர்டிபிகேட்டைப் பார்த்து உன்னை அங்கே எழுதியிருக்கிறார்கள். தமிழுக்கு மாறியதும் அந்தப் பெயரை அடித்திருக்க வேண்டும். ஆபீஸில் அடிக்க மறந்துவிட்டார்கள். அந்தத் தப்பு எங்களிடம் வருஷந்தோறும் ஒன்று நடக்கும். அடிக்காத பெயருக்கு நேரே கடைசிவரை கட்டங்கள் காலியாக இருக்கும். அவ்வளவுதான்.

இதில் கட்டங்கள் காலியாக இல்லை. அந்தக் காலத்துப் பண்டிதர் தம் கையால் ஒவ்வொரு நாளும் ஆஜர் என்று குறித்திருக்கிறார். இரண்டாம் பாகத்து வகுப்புகள் எல்லாம் ஒரே மணியில் நடக்கும். அந்த மணியில் நீ என் பக்கத்தில் தமிழ் வகுப்பில் இருந்தாய். உனக்கு அம்மை போட்டு விடுதியில் படுத்திருந்த ஆகஸ்டு மாதத்து ஆறு நாளும் தமிழ்ப் புத்தகத்தில் நீ இல்லை. ஸம்ஸ்கிருதப் புத்தகத்தில் ஒன்பதாம் எண் இருக்கிறாள்.

பண்டிதருக்குக் கிட்டப்பார்வை, குரல் வந்ததா என்று கவனிக்காமல் குறித்துக்கொண்டு போயிருப்பார். அப்படித்தான் நினைத்தேன். அப்படிக் குறிக்கிறவர் வருஷம் முழுவதும் குறித்திருப்பார். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அவள் வரவில்லை. 1913 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து கலாசாலை திறந்த நாளிலிருந்து தொடர்ந்து பத்து வகுப்புகள். இரண்டு வாரம். அதற்கு அடுத்த நாளே வந்துவிட்டாள். பிறகு கடைசிவரை ஒருநாள்கூடத் தவறவில்லை.

அம்மாவுக்கு ஜன்னி கண்டதை நீ எழுதிய ஜூலை மாதத்துக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதமாட்டேன்.

விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாயே. இருக்கிறது. முக்கால் பங்கு நாள் ஆஜர் இருந்தால் வருஷம் பூர்த்தி என்று கணக்கு. அவளுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. பெரிய ரிஜிஸ்தரில் "சேராதது" என்று எழுதியிருந்ததை நேற்று அடித்தேன். அதற்கு மேல், லோகநாயகி, ஸம்ஸ்கிருதம், இரண்டு வருஷம், பூர்த்தி, இரண்டாம் பாகம் என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எவராவது ஆதாரம் கேட்டால் ஆஜர் புத்தகத்தைக் காட்டுவேன். நான் ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதுகிறவள் அல்ல என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தைக் கொளுத்த வேண்டாம் என்றதும் கபாலி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னாம்மா, தெரிஞ்சவங்க பேரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இனி அந்தக் குரல் கேட்கிறதா, நின்றுவிட்டதா என்று தபாலில் எழுதாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு மத்தியானத்துக்குள் அங்கே இருப்பேன். அடுத்த வாரம் என்று சொல்லவில்லை, தேதி போட்டே எழுதுகிறேன்: பதினெட்டாம் தேதி. எனக்கு ஒரு பாய் போதும். உன் பக்கத்தில் இன்னொரு பாயும் போட்டு வை.

உன்
குமுதா